அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த மாத்திரை

காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறந்தால், பத்து மணி வரை சின்னவளுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். பசித்த வயிற்றுக்குப் பொறுமை ஏது? ஏன் இன்னும் கூப்பிடவில்லை, எனக்கு முன்னால் அந்த ஆள் எப்படிப் போனார், மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று ஆளுக்கொரு குறை. அவள் எதற்கும் வாய் திறப்பதில்லை. கையை நீட்டச் சொல்வாள், ரப்பர் பட்டையைக் கட்டுவாள், விரல் நுனியால் தடவிப் பார்ப்பாள், ஒரே குத்து. பதினேழு வருடப் பழக்கம். அவள் குத்தினால் வலிக்காது என்று தேடி வருகிறவர்களும் உண்டு.

நாற்பத்தொரு வயதில் ஒருத்தியைச் சின்னவள் என்று சொல்வது பொருத்தமில்லைதான். வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் பெரியவள், இளையவள் சின்னவள் என்று ஆரம்பித்தது அப்படியே நின்றுவிட்டது. பெரியவளோ இன்னும் ஒரு படி மேலே போய் அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவாள். பாப்பாவுக்குப் பத்தாம் வகுப்பு படிக்கிற மகள் இருப்பதையெல்லாம் அவள் பொருட்படுத்துவதில்லை.

பெரியவளுக்கு நாற்பத்தெட்டு. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அரைநாள் வேலை. கணவர் லாரி ஓட்டுகிறவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து, இரண்டு நாள் அடித்துப்போட்டாற்போலத் தூங்கிவிட்டுப் போய்விடுவார். மகன் வேறு ஊரில் தங்கிப் படிக்கிறான். இவ்வளவோடு போயிருந்தால் அவள் பாடு லேசாகத்தான் இருந்திருக்கும். மூன்று வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை எங்கே கூட்டிப்போவது என்ற பேச்சே அன்றைக்கு எழவில்லை. பெரியவளின் வீடு தரைத்தளம். சின்னவளின் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த மூன்று மாடிப் படிகளே சின்னவளின் பதிலைச் சொல்லிவிட்டன.

அப்பாவை உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டும், படுக்க வைக்க ஒரு ஆள் வேண்டும், புண் வராமல் புரட்டிவிட ஒரு ஆள் வேண்டும். எல்லா ஆளும் பெரியவள்தான். அவள் வேலைக்குப் போகும் நான்கு மணி நேரம் மட்டும் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உட்கார்ந்திருப்பாள். அப்பாவுக்குப் பேச்சும் போய்விட்டது; 'சரி' என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, முதுகு வலித்தாலும் சரி, கோபம் பொத்துக்கொண்டு வந்தாலும் சரி, அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரே 'சரி'. எந்தச் சரி எதற்கு என்று பிரித்துச் சொல்லப் பெரியவளால் மட்டும்தான் முடியும்.

சின்னவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போவாள். பழம் வாங்கிக்கொண்டு போய் அப்பாவின் காலடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். கிளம்பும்போது, "உடம்பைப் பாத்துக்கோக்கா" என்பாள். அதைச் சொல்லாமல் அவள் ஒருநாளும் கிளம்பியதில்லை.

அப்படிப் போன ஒரு ஞாயிறன்று கை கழுவக் குளியலறைக்குள் நுழைந்தவள், தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு கைப்பிடி முடி சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள்.

"என்னக்கா இது, இவ்வளவு முடி?"

"கொட்டுது. சீப்பை வெச்சாலே கையோட வருது. விடு."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"எப்ப?" என்றாள் பெரியவள். அப்பாவின் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தாள். விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், பிறகுதான் நல்ல கை. திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்த 'எப்ப'வைச் சொன்னாள்.

ஒரு காலத்தில் அக்காவின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். இப்போது வகிடு அகன்று, மண்டையின் வெளுப்பு தெரிந்தது. சின்னவளுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் பக்கத்து மருந்துக்கடைக்குப் போனாள். 'முடி, சருமம், நகம்' என்று எழுதி ஒரு தட்டு முழுக்க பாட்டில்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒருத்தி கூந்தலை அருவிபோல விரித்துக்கொண்டு சிரித்தாள். பயோட்டின் என்கிற விட்டமின், துத்தநாகம், செலினியம், இன்னும் ஒரு டஜன் சத்துகள். இருப்பதிலேயே சத்து அதிகமானது எது என்று கேட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பச்சை மூடிப் பாட்டிலை வாங்கினாள். பயோட்டின் மட்டும் பத்தாயிரம் மைக்ரோகிராம். அதைப் பையில் போட்டதுமே, பெரிய கடமை ஒன்றைச் செய்து முடித்த நிம்மதி அவளுக்கு வந்துவிட்டது.

பெரியவள் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்குன்னு ஒருத்தர் ஏதாவது வாங்கிட்டு வந்து எவ்வளவு நாளாச்சு" என்றாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது சின்னவளுக்கு ஏனோ தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது.

இரண்டு மாதம் போயிற்று. முடி நின்றபாடில்லை. பெரியவளுக்கு அலுப்பு மட்டும் கூடிக்கொண்டே வந்தது. நெஞ்சு படபடக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். "காலைல எங்க சென்டருக்கு வந்துடு, நானே எல்லா டெஸ்டும் எடுத்துடறேன்" என்று சின்னவள்தான் கூப்பிட்டாள்.

பெரியவள் வந்தபோது எட்டேகால். ஒன்பதுக்குள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். வரிசையில் முப்பது பேர். டோக்கன் கொடுக்கிற பெண் கண்ணைக் காட்ட, சின்னவள் அக்காவை நேராக உள்ளே உட்கார வைத்துவிட்டாள். வெளியே முணுமுணுப்பு கிளம்பியது. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று பதினொரு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி, விட்டமின் மாத்திரை, சத்து மாத்திரை ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்பது. கேட்டுக் கேட்டு எழுதினால் மத்தியானம் வரைக்கும் வரிசை தீராது. சர்க்கரையும் கொதிப்பும் கேட்பாள். மீதிக்கெல்லாம் 'இல்லை' என்ற பக்கத்தில் வரிசையாக டிக் அடித்துவிடுவாள். அவள் மட்டுமல்ல, அங்கே எல்லோரும் அப்படித்தான். அக்காவின் படிவத்திலும் பேனா அப்படியே ஓடிவிட்டது. தான் வாங்கிக் கொடுத்த பாட்டில் அந்த நேரத்தில் அவள் நினைவுக்கே வரவில்லை.

தைராய்டு அதிகமாக வேலை செய்கிறது என்று முடிவு வந்தது. படபடப்பு, அலுப்பு, முடி கொட்டுவது எல்லாம் அதற்குப் பொருந்தித்தான் வந்தன. டாக்டர் தைராய்டைக் குறைக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். காரணம் தெரிந்துவிட்டதில் இரண்டு பேருக்குமே ஆறுதல்.

மாத்திரையை விழுங்கத் தொடங்கிய பிறகுதான் பெரியவள் உண்மையிலேயே படுத்துவிட்டாள். முகம் ஊதியது. மற்றவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார இடம் தேடுகையில் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். குரல் கரகரத்தது. நடை, ஈரத் துணியை இழுத்துக்கொண்டு போவதுபோல ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் வருகைப் பதிவேட்டின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். தலைமை ஆசிரியை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சின்னவளே குத்தினாள், சின்னவளே டிக் அடித்தாள். தைராய்டு இன்னும் குறையவில்லை என்றது அறிக்கை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டவே, பெரியவளாகவே யோசித்துப் பச்சை மூடி மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக்கிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு பிற்பகலில் அப்பா கட்டிலிலிருந்து சரிந்து கீழே விழுந்தார். அதே அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பெரியவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் 'சரி, சரி' என்று எத்தனை நேரம் கத்தினாரோ தெரியாது. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உலுக்கியபோதுதான் இவள் விழித்தாள். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. முழங்கையில் மட்டும் தோல் உரிந்திருந்தது.

செய்தி கேட்டு ஓடிவந்த சின்னவளிடம் பெரியவள் அழவில்லை. "சத்தமே கேக்கலை பாப்பா. கிணத்துக்குள்ள கெடந்த மாதிரி இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

சின்னவள் அப்பாவின் முழங்கைக்கு மருந்து போட்டாள். அடுத்த முறை வந்தபோது அதே பச்சை மூடியில் ஒரு புதுப் பாட்டில் வாங்கிவந்தாள்.

இது இப்படியே இன்னும் எத்தனை நாள் இழுத்திருக்குமோ. ஒரு நீச்சல் பயிற்சியாளர் வந்து சண்டை போட்டதால்தான் முடிச்சு அவிழ்ந்தது. வாட்டசாட்டமான ஆள், முன்தலை மட்டும் லேசாக ஏறியிருக்கும். இங்கே எடுத்த பரிசோதனையில் தைராய்டு அதிகம் என்று வந்திருக்கிறது. அவருக்கு நம்பிக்கையில்லை, ஒரு வாரம் கழித்து வேறொரு இடத்தில் எடுத்ததில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதாம். இரண்டு காகிதங்களையும் மேஜையில் போட்டு, "எது நெஜம்? நீங்களே சொல்லுங்க" என்று குரலை உயர்த்தினார். டோக்கன் பெண் பயந்துபோய் மாடிக்கு போன் செய்தாள்.

மாடியில் இருக்கும் டாக்டரம்மா அபூர்வமாகத்தான் கீழே இறங்குவார். அறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். இறங்கி வந்தவர் அந்த ஆளைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்து, நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

அவர் முன்தலையைத் தடவிக்கொண்டார். "ஆமா. போன வாரம் தீந்துபோச்சு. இன்னும் வாங்கலை. ஏன்?"

டாக்டரம்மா படிவத்தை எடுத்துவரச் சொன்னார். ஒன்பதாவது கேள்வியில் 'இல்லை' என்ற பக்கத்தில் டிக் இருந்தது. "இது நான் போடலையே. என்னை யாரும் கேக்கவே இல்லையே" என்றார் அந்த ஆள்.

அவர் போன பிறகு டாக்டரம்மா சின்னவளை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார். திட்டவில்லை. திட்டக்கூடத் தெம்பில்லாதவர்போல நாற்காலியில் சாய்ந்தார்.

"நம்ம மெஷின் தைராய்டை அளக்கறதே முடி மாத்திரைல இருக்கற பயோட்டினை வெச்சுத்தான். ஒருத்தர் ரத்தத்துலயே அது ஏகத்துக்கும் இருந்தா மெஷின் ஏமாந்துடும். நல்லா இருக்கற ஆளுக்கும் தைராய்டு அதிகம்னு காட்டும். அதனாலதான் அந்தக் கேள்வியைப் படிவத்துல போட்டோம். ரெண்டு மூணு நாளாவது நிறுத்திட்டு வரச் சொல்லணும். நெறைய சாப்பிடறவங்கன்னா இன்னும் அதிக நாள். பயிற்சி வகுப்புல சொன்னேனே."

சொன்னார்தான். அன்று சின்னவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மகளின் பள்ளி விஷயமாக யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேர்கிட்ட கேக்காம போட்டிருப்பே?"

"எல்லார்கிட்டயும்தான் மேடம்" என்றாள் சின்னவள். சொல்லும்போதே அக்காவின் ஊதிய முகமும் அந்த ஸ்வெட்டரும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நோயே இல்லாத ஒருத்திக்கு நோய்க்கு மருந்து கொடுத்து, மூன்றரை மாதமாக, விளக்கை அணைப்பதுபோல மெல்ல மெல்ல அணைத்துக்கொண்டிருக்கிறோம். டாக்டரம்மாவின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெரியவள் அப்பாவுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி உள்ளே போனால் அரைக் கரண்டி கடைவாய் வழியாக வெளியே வந்தது. அதை வழித்து மறுபடி ஊட்டினாள்.

"என்ன பாப்பா, வேலை நாள்ல வந்திருக்கே?"

"அக்கா, அந்த முடி மாத்திரையை இன்னையோட நிறுத்திடு."

"ஏன்? கொஞ்சம் புது முடி வர்ற மாதிரி இருக்குடி."

சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின் ஏமாந்ததைச் சொன்னாள். டாக்டர் கொடுத்த மாத்திரைதான் அவளை இப்படிச் சாய்த்திருக்கிறது என்பதைச் சொன்னாள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஒன்பதாவது கேள்வியையும் சொன்னாள்.

"நான் உன்னைக் கேக்கவே இல்லக்கா. நான் வாங்கிக் குடுத்த மாத்திரைதானே, எனக்கே தெரிஞ்சிருக்கணும். நானே இல்லைன்னு போட்டேன். ரெண்டு தடவையும்."

பெரியவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். அப்பாவின் வாயைத் துடைத்தாள், மோவாயைத் துடைத்தாள், கழுத்தில் வழிந்ததைத் துடைத்தாள். அப்பா மகள்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப எனக்குத் தைராய்டு இல்லையா?" என்றாள் கடைசியில்.

"இல்லக்கா. இருக்கற மாதிரி தெரியலை. திரும்ப டெஸ்ட் எடுத்தா நிச்சயமாத் தெரிஞ்சிடும்."

சின்னவள் வசவுக்குக் காத்திருந்தாள். வசவு வரவில்லை. பெரியவளின் முகத்தில் வந்தது ஏமாற்றம். கைக்கு வந்த ஏதோ ஒன்று நழுவிப்போனதுபோல இருந்தது அவள் பார்வை.

"நோய்னு ஒண்ணு இருந்துச்சு பாப்பா. அதனாலதான் இப்படி இருக்கேன், மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்னு சொல்லிக்கலாம்னு இருந்துச்சு. ஆபீஸ்ல கேட்டாகூட தைராய்டுன்னு சொன்னா ஒத்துக்கறாங்க. இப்ப அதுவும் இல்லையா?" பிறகு, "மொதல்லயே முடி கொட்டிச்சே, அது எதனால?" என்று கேட்டாள். கோபமில்லாமல், தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

சின்னவளுக்குப் பதில் தெரியும். இந்த வீட்டுக்கு வாராவாரம் வந்து போகும் யாருக்கும் தெரியும். அவள் சூப் கிண்ணத்தை எடுத்து, ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீதியை அவளே ஊட்டினாள். பாதி தலையணையில் சிந்தியது.

மறுநாளே இருவரும் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போனார்கள். அவரும் பாட்டிலின் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் கேட்டிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். பச்சை மூடி மாத்திரையை நிறுத்தி, பத்து நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்மை நிலவரம் தெரிந்தது. குறைக்கும் மருந்தால் தைராய்டு படுத்தே விட்டிருந்தது. அந்த மருந்தை நிறுத்தச் சொன்னார். இரும்புச்சத்தும் அடிமட்டத்தில் இருந்தது.

"சாப்பாடு எப்ப சாப்பிடறீங்க?"

"அப்பா சாப்பிட்டப்புறம். சில நாள் டீயும் ரொட்டியும்."

"தொடர்ந்து எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

பெரியவள் சிரித்துவிட்டாள். அந்தக் கேள்வியே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "ரெண்டு மணிக்கு ஒருக்கா புரட்டிப் போடணுமே டாக்டர்."

டாக்டர் பேனாவை மூடினார். "இரும்பு மாத்திரை எழுதியிருக்கேன், டீயோட சேத்து சாப்பிடாதீங்க. தைராய்டு ஒன்றரை, ரெண்டு மாசத்துல தானா சமநிலைக்கு வந்துடும். முடி இன்னும் கொஞ்ச நாள் கொட்டும், அதைப் பாத்து பயந்துடாதீங்க. மத்ததுக்கு மாத்திரை கெடையாதும்மா. வீட்ல கூடமாட ஒத்தாசைக்கு யாரும் இல்லையா?"

சின்னவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தபடி, "இருக்காங்க டாக்டர்" என்றாள்.

அக்கா நாலு அறை அறைந்திருந்தால்கூட சின்னவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வாரம் நிலையத்தில் அவளுக்கு வேறு ஒரு வேலையும் சேர்ந்தது. கடந்த ஆறு மாதத்தில் தைராய்டு அதிகம் என்று அறிக்கை வாங்கிப்போனவர்களை எல்லாம் போனில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பட்டியலில் நாற்பத்து மூன்று பேர். வேலை முடிந்த பிறகு நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முடிக்கோ நகத்துக்கோ ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா? சிலர் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். பலர் நீங்கள் எதையோ விற்கப் பார்க்கிறீர்கள் என்று போனை வைத்துவிட்டார்கள். ஒரு வயதான மனிதர், தலையில் முடியே இல்லாத எனக்கு எதற்கம்மா முடி மாத்திரை என்று கேட்டுவிட்டு அரைமணி நேரம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். ஆறு பேர் ஆமாம் என்றார்கள். ஆறு பேரையும் மறுபடி வரச்சொன்னாள். காலை வரிசையிலும் பதினொரு கேள்விகளையும் கேட்டே எழுதினாள். வரிசை வாசலைத் தாண்டிப் போனது. டோக்கன் பெண், "இப்படியே போனா நாம ரெண்டு பேரும் இங்கயே பாய் போட்டுப் படுக்க வேண்டியதுதான்" என்றாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். "செவ்வாய், வியாழன் மத்தியானத்துல இருந்து நான் அக்கா வீட்ல. ஞாயித்துக்கிழமை முழுநாளும். அவ இங்க வந்து படுத்துக்கட்டும்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "வேலைக்கும் போய்ட்டு அங்கயும் போய் நின்னா நீ என்னத்துக்கு ஆவே?"

"அவ மட்டும் என்னத்துக்கு ஆனா?"

அவர் சத்தத்தைக் கூட்டவில்லை. "அப்ப அந்த ரெண்டு நாள் சமையல் நான் பாத்துக்கறேன். எனக்குத் தெரிஞ்சதுதான் வரும், குறை சொல்லக் கூடாது" என்றார்.

பெரியவளைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. "உனக்கு அவரைத் தூக்கத் தெரியாது. அவர் என்ன கேக்கறார்னு புரியாது. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்து என்கிட்டதான் நிப்பே" என்றாள். முதல் செவ்வாயன்று கதவு வரை போனவள் நான்கு தடவை திரும்பி வந்தாள். துண்டு எங்கே, பவுடர் எங்கே, எந்தப் பக்கம் எத்தனை தலையணை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "ஆறு மணிக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஒருவழியாகப் போனாள்.

அவள் சொன்னதெல்லாம் உண்மைதான். சின்னவளுக்கு அவரைத் தூக்கத் தெரியவில்லை. ஒரு தடவை புரட்டுவதற்குள் முதுகில் மின்னல் வெட்டியது. மகளின் போன் வந்தபோது போர்வையை மாற்றிக்கொண்டிருந்தாள். "அம்மா, பெரியம்மா வந்தாங்க. டீ போடட்டுமான்னு கேட்டுட்டு கிச்சனுக்குள்ள போனேன். திரும்பி வந்து பாத்தா என் கட்டில்ல தூங்கறாங்க. செருப்பைக்கூடக் கழட்டலை. எழுப்பட்டுமா?"

"எழுப்பாதே. செருப்பைக் கழட்டிட்டு கதவைச் சாத்திடு."

நாலு மணிக்கு அப்பா 'சரி' என்றார். தண்ணீர் கொடுத்தாள், வேண்டாமென்று தலையாட்டினார். ஜன்னலைத் திறந்தாள், அதுவும் இல்லை. கால், தலையணை, போர்வை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். அவர் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "என்னதாம்ப்பா வேணும் உங்களுக்கு?" என்று அவளும் குரலை உயர்த்திவிட்டாள். உடனே வெட்கமாக இருந்தது. கடைவாய் நீர் காது வரை வழிந்திருக்கிறது, அதைத் துடைக்கத்தான் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க இருபது நிமிடமாயிற்று. துடைத்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவளும் தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். ஆறு மணியாக இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மூன்று வருடம் என்பது எத்தனை பிற்பகல்கள் என்று நினைத்துப் பார்க்க முயன்று, பாதியில் விட்டுவிட்டாள்.

ஆறாயிற்று. அக்கா வரவில்லை. ஆறரை, ஏழு. போன் செய்து எழுப்பலாமா என்று இரண்டு தடவை கையில் எடுத்து வைத்தாள். ஏழரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது, 'ஆறு மணிக்குன்னுதானே சொன்னே' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் உள்ளே வந்தாள். கன்னத்தில் தலையணையின் மடிப்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. முகம் இன்னும் ஊதித்தான் இருந்தது. கண் மட்டும் தெளிந்திருந்தது.

"தூங்கிட்டேன்" என்றாள். மன்னித்துக்கொள் என்றெல்லாம் சொல்லவில்லை. "உன் பொண்ணு போர்வை போத்தி விட்டிருக்கு. உன் வீட்டுக்காரர் சாப்பிடச் சொன்னார். உப்பு கம்மி. ஆனா சூடா இருந்துச்சு பாப்பா. உக்காந்து சாப்பிட்டேன்."

பிறகு அப்பாவிடம் போய்க் குனிந்து பார்த்தாள். சின்னவள் வைத்திருந்த தலையணையை உருவி, வேறு விதமாகச் சொருகினாள். அவர் உடம்பு தளர்ந்து அதில் சாய்ந்தது.

"வியாழக்கிழமை அவருக்கு நகம் வெட்டணும். நீயே வெட்டிடு. விழுந்த கையோட விரலை ஒவ்வொண்ணா பிரிச்சுப் பிடிக்கணும், பொறுமையா செய்யணும்."

"சரிக்கா" என்று சின்னவள் பையை எடுத்துக்கொண்டாள். படியில்லாத அந்த வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்க ஒரே ஒரு எட்டுதான். அதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து நிறுத்தம் வரை மெல்ல நடந்தாள். வீட்டுக்குப் போனதும் மூன்று மாடி ஏற வேண்டும், காலை ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும், நாளை மறுநாள் மறுபடி இங்கே வர வேண்டும். பேருந்து வந்தது. உட்கார இடம் கிடைத்தது.